கைப்பேசியில் படம் ஓடவில்லையென்றால்



பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாடத்தைப் பிள்ளை கைப்பேசியில் திறக்கிறது. எழுத்தெல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் படம் ஓடவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் நிற்கிறது. கட்டத்தின் நடுவே, சிறுவர்கள் அடுக்கி விளையாடும் வெட்டுப்படத் துண்டு போன்ற ஒரு சின்னம். அதன் கீழே, இதைக் காட்டுவதற்கு வேண்டிய சொருகி இல்லை என்று ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு வரி. பிள்ளை அம்மாவைப் பார்க்கிறது. அம்மா அப்பாவைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுத் தம்பி வந்து, "அதுக்கு ஒரு பிளேயர் போடணும்க்கா, நான் தேடித் தாரேன்" என்கிறான்.

தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அது சரியான யோசனையாகவும் இருந்தது. இன்றைக்கு அது வங்கியில் உள்ள சம்பளப் பணத்தையே கொண்டுபோய்விடக்கூடிய யோசனை. ஏன் அப்படி ஆயிற்று, படம் ஓடாதபோது உண்மையில் செய்யத்தக்கது என்ன என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் பள்ளிகள் மூடப்பட்டன. குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் என்று நமது ஜொகூர் மாநிலத் தோட்டங்களில் உள்ள பிள்ளைகளுக்கும் பாடம் கைப்பேசி வழியாக வரத் தொடங்கியது. வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு காட்டுக்குப் போய்விடும். மாலையில் அவர் திரும்பிய பிறகுதான் மூன்று பிள்ளைகளும் முறை போட்டுக்கொண்டு பாடத்தைத் திறப்பார்கள். அப்படித் திறந்த பாடத்தில் படம் ஓடவில்லையென்றால் அன்றைய படிப்பு அவ்வளவுதான். கல்வி அமைச்சு 2020 ஜூனில் 'டெலிமா' என்ற கற்றல் தளத்தையும், 2021 பிப்ரவரி 17-ஆம் நாள் 'டிடிக் டிவி' என்ற கல்வித் தொலைக்காட்சியையும் தொடங்கியது. அவை புதிய முறையில் அமைந்தவை. ஆனால் ஆசிரியர்களும் பெற்றோரும் தேடிப் பிடித்த பழைய பாடங்களும் விளையாட்டுகளும் பல இடங்களில் சாம்பல் கட்டமாகவே நின்றன.

சொருகி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். குரோம், பயர்பாக்ஸ் எல்லாம் உலாவிகளே. தொடக்கத்தில் உலாவிக்கு எழுத்தையும் அசையாத படத்தையும் மட்டுமே காட்டத் தெரியும். பாட்டுப் பாடவோ படம் ஓட்டவோ தெரியாது. அந்த வேலைகளுக்கு வேறு நிறுவனங்கள் தனித்தனியாகச் சிறு மென்பொருள்களைச் செய்து கொடுத்தன. அவற்றை உலாவியில் சொருகிக்கொள்ள வேண்டும். அதனால் சொருகி, அதாவது பிளகின், என்று பெயர் வந்தது.

செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கன்று மரத்தில் குலை வெட்ட உளியும், உயர்ந்த மரத்தில் வெட்ட அரிவாளும் வேண்டும். கையில் பிடிப்பது கம்புதான் என்றாலும், குலையை அறுப்பது கம்பின் முனையில் பூட்டிய இரும்பு. உலாவியைக் கம்பு என்றும் சொருகியை அதன் முனையில் பூட்டும் இரும்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் என்ற உலாவிதான் இந்தப் பூட்டும் முறையைப் பரப்பியது. 1995-இல் ரியல் ஆடியோ என்ற ஒலி மென்பொருள் வந்தது. உலகத்து வானொலிகள் பலவற்றைக் கணினியில் கேட்க அந்தக் காலத்தில் இது போன்ற ஒன்று இருந்தே ஆக வேண்டும். 1996-இல் பியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் இன்னொன்று பிறந்தது. அதை மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கி, பெயரைச் சுருக்கி 'பிளாஷ்' ஆக்கியது. மேக்ரோமீடியாவை 2005-இல் அடோபி நிறுவனம் வாங்கியது. இந்தப் பிளாஷ் ஒரு காலத்தில் இல்லாத கணினியே இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. பிள்ளைகளுக்கான வாய்பாட்டு விளையாட்டு, எலும்புக்கூட்டைப் பொருத்தும் அறிவியல் பாடம், எழுத்தைத் தொட்டால் ஒலி சொல்லும் அரிச்சுவடி எல்லாவற்றையும் ஆசிரியர்கள் அதில்தான் செய்தார்கள். பெரிய நிரலாளர் தேவையில்லை. ஓர் ஆர்வமுள்ள வாத்தியாரே விடுமுறையில் உட்கார்ந்து ஒரு பாடத்தைச் செய்துவிடலாம். அதன் பெருமை அதுதான் என்று நாம் நினைக்கிறோம். பிற்காலத்தில் அதைப் பலர் பழித்தபோது இந்த நன்மையை மறந்துவிட்டார்கள்.

அதெல்லாம் மேசைக் கணினியில். கையடக்கக் கருவிக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்கியது.

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளத்தில் இருப்பது லினக்ஸ் என்ற மென்பொருள் என்பது பலருக்குத் தெரியாது. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கியது அது. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அவர் அதைத் திறந்து வைத்தார். முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008-இல்தான் விற்பனைக்கு வந்தது என்றாலும், அதற்கு முன்பே லினக்ஸைக் கையடக்கக் கருவியில் ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

அவர்களில் நமக்கு நெருக்கமானவர்கள் பெங்களூர்க்காரர்கள். அங்குள்ள இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் சில பொறியாளர்களும் 1998-இல் கூடி, ஏழை எளியவரும் பயன்படுத்தக்கூடிய ஒரு கையடக்கக் கணினியைச் செய்ய முனைந்தார்கள். 'சிம்பியூட்டர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதனுள் ஓடியது லினக்ஸ். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உதவும்படி, இந்திய மொழிகளில் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியை அதில் வைத்தார்கள். அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஓர் ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும். ஒவ்வொருவரும் தம் விவரங்கள் அடங்கிய சிறு அட்டையைக் கொண்டுவந்து சொருகினால் அது அவருடைய கருவியாகிவிடும். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை போட்டுப் பயன்படுத்தும் வீட்டுக்கு அப்படி ஓர் ஏற்பாடு எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். 2004-இல் பாரத் மின்னணு நிறுவனம் செய்த 'அமீடா' என்ற சிம்பியூட்டர் கடைக்கு வந்தது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

ஜப்பானின் ஷார்ப் நிறுவனமும் சாரஸ் என்ற லினக்ஸ் கைக்கணினியை விற்றது. 2005-இல் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 770 என்ற ஒரு சிறு பலகையைக் கொண்டுவந்தது. பேசுவதற்கன்று, இணையம் பார்ப்பதற்கென்றே செய்தது. 2007-இல் என்800, 2009-இல் என்900 என்று அந்த வரிசை தொடர்ந்தது. இவற்றை வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் மோதிக்கொண்ட சுவர், இன்று நாம் பேசும் அதே சாம்பல் கட்டம்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல் வகைச் சில்லு. கையடக்கக் கருவிகளிலோ, மின்கலம் சீக்கிரம் தீராமல் இருக்க வேண்டும் என்பதற்காக, இங்கிலாந்தில் உருவான 'ஆர்ம்' வகைச் சில்லு. இந்த இரண்டு சில்லுகளுக்கும் மொழி வேறு. இன்டெல் சில்லுக்காகக் கட்டிய மென்பொருளை ஆர்ம் சில்லில் கொண்டுபோய் வைத்தால், நமது தோட்டத்துக் கம்பில் வேறு அளவுக் குழாய்க்குச் செய்த அரிவாளைப் பூட்ட முயல்வது போல்தான். உட்காராது.

லினக்ஸுக்கான மற்ற மென்பொருள்களில் இது பெரிய தொல்லையன்று. மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால், விவரம் தெரிந்தவர் அதை எடுத்து ஆர்ம் சில்லுக்கு ஏற்றபடி மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். பிளாஷ் அப்படியல்ல. அடோபி அதைப் பூட்டியே வைத்திருந்தது. அரிவாளை விற்ற கொல்லர், அதை எப்படி அடித்தார் என்று சொல்லவில்லை. எனவே கருவி செய்த நிறுவனம் அடோபியுடன் பேசி, தன் கருவிக்கென்று ஒரு பிளாஷ் வாங்கி உள்ளேயே வைத்துக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்தக் கருவிகளை வைத்திருந்த ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. உலாவி, 'பிளகின்ஸ்' என்ற பெயருள்ள ஒரு கோப்புறையைத் திறந்து பார்க்கும் வழக்கமுடையது. அதற்குள் சரியான கோப்பை வைத்துவிட்டு உலாவியை மூடித் திறந்தால், அது புதிய சொருகியைக் கண்டுகொள்ளும். முகவரி எழுதும் இடத்தில் 'அபௌட்' போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 'பிளகின்ஸ்' என்று எழுதினால், என்னென்ன சொருகி இருக்கிறது என்ற பட்டியல் வரும். பட்டியலில் பெயர் இருந்தும் படம் ஓடவில்லையென்றால் கோளாறு வேறிடத்தில் என்று பொருள். வீடியோவுக்கு 'எம்பிளேயர்' என்ற திறந்த மென்பொருளை உலாவியோடு இணைக்கும் சொருகி ஒன்று இருந்தது. பிளாஷுக்குப் பதிலாக 'நாஷ்' என்ற திறந்த மாற்று ஒன்றைச் சிலர் எழுதினார்கள். எளிய பிளாஷ் படங்கள் அதில் ஓடின, சிக்கலானவை தடுமாறின.

அத்தோடு கருவியின் வலிமையும் போதவில்லை. நோக்கியா 770-இல் இருந்த நினைவகம் 64 மெகாபைட். இன்று 4 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு சாதாரணக் கைப்பேசியில் அதைப்போல 64 மடங்கு இருக்கிறது. மேசைக் கணினிக்காகச் செய்த ஒரு படத்தை அந்தச் சிறு கருவியில் ஓட்டினால், ஒலி முன்னே போகும், படம் பின்னே நொண்டும்.

என்900-ஐப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அதில் இருந்த பிளாஷ் ஒன்பதாம் பதிப்பு. பல இணையத் தளங்களோ பத்தாம் பதிப்பு இருந்தால்தான் படம் காட்டுவோம் என்று கதவை அடைத்தன. பத்தாம் பதிப்பு அந்தக் கருவிக்கு வரவேயில்லை. சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? சொருகிக் கோப்பைத் திறந்து, அதனுள் எழுதியிருந்த பதிப்பு எண்ணை மட்டும் பத்து என்று மாற்றிவிட்டார்கள். தளமும் நம்பிக் கதவைத் திறந்தது! சில படங்கள் ஓடவும் செய்தன.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் பிளாஷ் வந்தது. 2010 ஜூனில் அடோபி அதை வெளியிட்டது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், தமது ஐபோனில் பிளாஷை ஏன் அனுமதிக்கவில்லை என்று வெளிப்படையாக ஒரு மடல் எழுதியிருந்தார். மின்கலத்தைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டைகள் இருக்கின்றன, விரலால் தொடும் திரைக்கு ஏற்றதன்று, ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கிறது என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. வியாபாரப் போட்டியும் அதில் கலந்திருந்தது என்பது நம் எண்ணம். எனினும் சொன்ன குறைகள் பொய்யல்ல. 2011 நவம்பரில் அடோபியே கைப்பேசிக்கான பிளாஷைக் கைவிடுவதாக அறிவித்தது. 2012 ஆகஸ்ட் 15-ஆம் நாளுக்குப் பிறகு கூகுளின் செயலிக் கடையில் புதிதாக யாரும் அதை இறக்கிக்கொள்ள முடியவில்லை. மேசைக் கணினியிலும் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு பிளாஷின் ஆயுள் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் ஏற்கெனவே இருந்த பிளாஷும் படங்களை ஓட்ட மறுத்துவிட்டது. பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்த காலம் அது!

அப்படியானால் இன்று நாம் கைப்பேசியில் பார்க்கும் யூடியூப் படங்கள் எப்படி ஓடுகின்றன? படம் ஓட்டும் வேலையை உலாவியே கற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்தை எழுதுகிறவர், 'இங்கே வீடியோ' என்று ஒரு குறி போட்டால் போதும். உலாவி தானே ஓட்டும். எச்டிஎம்எல் 5 என்ற இந்தப் புது முறை 2014 அக்டோபரில் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. 2015 ஜனவரியில் யூடியூப் பிளாஷைத் தள்ளிவிட்டு இதையே முதன்மையாக வைத்துக்கொண்டது. குரோம் உலாவி அதே 2015-இல் பழைய வகைச் சொருகிகளுக்கான கதவை முற்றாக மூடிவிட்டது. பயர்பாக்ஸ் 2017-இல் பிளாஷைத் தவிர மற்றவற்றுக்கு மூடியது.

தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான் நடந்தது. ஒரு காலத்தில் கணினியில் தமிழைப் பார்க்கத் தனியாக எழுத்துருவை வாங்கிப் பொருத்த வேண்டும். கைப்பேசியில் தமிழ் கட்டங் கட்டமாகத் தெரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980-களில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். அவர் செய்த 'செல்லினம்' 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது. இன்றைய கைப்பேசிகளில் தமிழ் உள்ளேயே வருகிறது. யாரும் எதையும் பொருத்த வேண்டியதில்லை. படமும் ஒலியும் அந்த நிலைக்கு வந்துவிட்டன.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குப் பொருத்த வேண்டிய பிளாஷ் பிளேயர் என்று உண்மையில் ஒன்றும் கிடையாது. அடோபி அதைக் கொடுப்பதில்லை. கூகுளின் கடையில் அடோபியின் பிளாஷ் இல்லை. ஆகவே, 'படம் பார்க்க இந்தப் பிளேயரை நிறுவுங்கள்' என்று ஒரு பக்கம் சொன்னால், அது கொடுப்பது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஒன்று என்ன என்பதற்குச் சான்று இருக்கிறது. 2016-இல், பிளாஷ் பிளேயர் என்ற வேடத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் புகுந்த ஒரு திருட்டு மென்பொருளைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, துருக்கி நாடுகளின் பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு அது வலை விரித்தது. வங்கிச் செயலியைத் திறந்தால், அதன் மேல் அச்சாக அதே போன்ற ஒரு போலித் திரையை விரிக்கும். நீங்கள் கடவுச்சொல்லை எழுதுவீர்கள். அது திருடனிடம் போகும். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணையும் அதுவே படித்து அனுப்பிவிடும்.

நம் நாட்டிலும் இதே வழிதான் பல பெயர்களில் வந்தது. 2023-இல் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. அதைத் திறந்தவர்கள் பணம் இழந்ததையடுத்து அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தார்கள். பத்திரிகையானாலும் பிளேயரானாலும் கோப்பின் வகை ஒன்றே: பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒரு செயலியைக் கொண்டுவந்து நிறுவும் பொட்டலம் அது. படமும் பத்திரிகையும் பாடமும் ஒருபோதும் ஏ.பி.கே. வடிவில் வருவதில்லை.

கூகுள் கடைக்கு வெளியிலிருந்து அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனால் கைப்பேசியே தடுத்து, 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கலாமா?' என்று கேட்கும். இல்லை என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அனுமதித்தால், அடுத்தடுத்துக் கேள்விகள் வரும்: குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா, மற்றச் செயலிகளின் மேல் திரை விரிக்கலாமா, திரையில் நடப்பதையெல்லாம் பார்த்து இயக்கலாமா? படம் ஓட்ட வந்தவனுக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? வீட்டில் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்க வந்தவர் பீரோச் சாவியைக் கேட்டால் கொடுப்போமா?

தோட்டச் சம்பளம் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்ட காலம் போய், வங்கிக் கணக்கில் வந்து விழும் காலம் இது. பிள்ளை பாடம் படிக்கும் கைப்பேசியும், அப்பா சம்பளம் வந்துவிட்டதா என்று பார்க்கும் கைப்பேசியும் ஒன்றாக இருக்கும் வீடுகளே நம்மிடம் அதிகம். ஏழு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு தெரியும். 'அனுமதி' என்ற பொத்தானின் விலை தெரியாது. முடிந்தால் வங்கிச் செயலியைப் பிள்ளைகள் தொடாத கைப்பேசியில் வையுங்கள். ஒரே கைப்பேசிதான் என்றால், வெளியிடத்திலிருந்து நிறுவும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று அமைப்புகளுக்குள் சென்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டோமே என்று அஞ்சுகிறவர்கள் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தரவையும் வைபையையும் அணைத்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கு அழையுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண் அதற்குத்தான். பணம் போயிருந்தால், சற்றும் தாமதியாமல் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். போலீஸ், பேங்க் நெகாரா முதலியவை சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த முடியுமா என்று பார்ப்பார்கள். ஆதலால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. போலீஸ் நிலையத்தில் புகாரும் எழுத வேண்டும். வீட்டில் யார் மீது தப்பு என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சரி, பாடத்துக்கு வருவோம். படம் ஓடாததற்குக் காரணம் எப்போதும் பிளாஷ்தான் என்பதில்லை. கட்டத்தின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு இணைப்பில். செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள வீடுகளில் அலை மெலிந்துவிடும் என்பது நீங்கள் அறியாததல்ல. அத்தகைய இடங்களில், படத்தின் தரத்தை 240 அல்லது 360 என்று குறைத்து வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். கரும்பலகை எழுத்து சற்று மங்கும், அவ்வளவே. பழைய கைப்பேசி திடீரென்று இணையமே எடுக்காமல் போயிருந்தால், அது மூன்றாம் தலைமுறை அலையை மட்டும் பிடிக்கும் கைப்பேசியா என்று பாருங்கள். 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் அந்த அலை நிறுத்தப்பட்டுவிட்டது.

இணைப்பு நன்றாக இருந்தும் பல தளங்களில் படம் ஓடவில்லை என்றால் உலாவி பழையதாக இருக்கலாம். கூகுள் கடைக்குள் சென்று குரோம் என்று தேடி, புதுப்பிக்கும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு 7 உள்ள கைப்பேசிகளுக்கு 2023 இறுதியோடு புதிய குரோம் வருவது நின்றுவிட்டது. அதற்கும் முந்திய கைப்பேசியில் எவ்வளவு முயன்றாலும் சில பாடங்கள் திறக்கமாட்டா. அந்தக் கைப்பேசியைத் தாத்தாவுக்குப் பாட்டுக் கேட்கக் கொடுத்துவிடலாம்.

மற்றப் பக்கங்களில் எல்லாம் படம் ஓடி, ஒரு குறிப்பிட்ட பழைய பாடத்தில் மட்டும் சாம்பல் கட்டம் நின்றால், அது பிளாஷ் பாடம் என்று கொள்ளலாம். அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. 'ரபிள்' என்பது அதன் பெயர். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மென்பொருள். பிளாஷ் செய்த வேலையை, பிளாஷ் இல்லாமலே, உலாவிக்குள் பாதுகாப்பான ஓர் அறையில் அது செய்து காட்டுகிறது. இதில் நமக்குப் பிடித்தது, பாடத்தை வைத்திருக்கும் தளத்தார் தங்கள் பக்கத்தில் இதைச் சேர்த்துவிட்டால், பார்க்கிறவர் கைப்பேசியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதே. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2020 நவம்பரிலேயே இதைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிளாஷ் படங்களையும் விளையாட்டுகளையும் உயிர்ப்பித்துவிட்டது. அவற்றைச் சாதாரணக் கைப்பேசி உலாவியில் திறந்து பார்க்கலாம்.

தளத்தார் செய்யாவிட்டால், பயர்பாக்ஸ் உலாவியைக் கூகுள் கடையிலிருந்து இறக்கி, அந்த உலாவியின் சொந்த நீட்சிப் பட்டியலில் ரபிள் என்று தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். வேறெங்கிருந்தும் இறக்க வேண்டாம். எல்லாப் பாடமும் ஓடும் என்று சொல்வதற்கில்லை. பழைய, எளிய பிளாஷ் படங்கள் நன்றாக ஓடுகின்றன. பிற்காலத்தில் சிக்கலாக எழுதப்பட்ட சில இன்னும் தடுமாறுகின்றன. விசைப்பலகையால் விளையாட வேண்டிய விளையாட்டு, தொடுதிரையில் ஓடினாலும் விளையாட வராது. அதற்கு மேசைக் கணினிதான் வசதி. முன்பு 'பெடி' என்றும் இப்போது 'நாடி' என்றும் அழைக்கப்படும் அரசாங்க இணைய நிலையம் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அங்குள்ள கணினியில் பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்கலாம்.

இதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு. 'படம் வரலைங்க சார்' என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள். எந்தப் பக்கம், கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, மற்றப் பக்கங்களில் படம் ஓடுகிறதா, கைப்பேசியின் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிப்பு எண்ணை அமைப்புகளின் கடைசியில் 'கைப்பேசி பற்றி' என்ற இடத்தில் காணலாம். அவர் கையில் பழைய பிளாஷ் பாடம் மூலக் கோப்பாக இருந்தால், அதன் பெயர் எஸ்.டபிள்யூ.எப். என்று முடியும். அந்தக் கோப்பைப் பள்ளியின் மேசைக் கணினியில் ரபிள் கொண்டு ஓட்டி, ஓடும்போதே திரையைப் பதிவு செய்து சாதாரண வீடியோவாக்கி அனுப்பிவிடலாம். தொட்டு விளையாட முடியாது என்றாலும், எழுத்தும் ஒலியும் படமும் எந்தக் கைப்பேசியிலும் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் வரும்போது கோப்பின் பெயர் எம்.பி. 4 என்று முடிந்திருக்கும்.